தழைத்தும் பூக்காத ஆவாரை

வணக்கம். விதையிலிருந்து வளர்த்த ஆவாரை இரண்டு ஆண்டுகளாகத் தொட்டியில் தழைத்து நிற்கிறதே தவிர பூக்கவில்லை என்றும், நாள்தோறும் நீரும் வாரந்தோறும் சாண எருவும் இடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். என் கணிப்பில் அந்தக் கவனிப்பே மிகுதி. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வறண்ட புதர்க்காடுகளில், சத்துக் குறைந்த மண்ணில், முழு வெயிலில் வளரும் இச்செடிக்கு எரு கூடினால் இலைதான் பெருகும். ஆகவே எருவை நிறுத்திவிட்டு, மேல்மண் நன்கு காய்ந்த பிறகே நீர் ஊற்றி, நாள் முழுதும் வெயில் படும் இடத்துக்குத் தொட்டியை நகர்த்துங்கள். கிளை நுனிகளில் பூங்கொத்துகள் வருவதால், நெடிது வளர்ந்த கிளைகளைச் சற்றே கவாத்து செய்யலாம். பெயர்த்து நடுவதை மட்டும் தவிர்க்கவும். ஆழமாக இறங்கும் ஆணிவேர் அறுந்தால் செடி மீள்வது கடினம். புதிதாக விதைப்பதென்றால், கடினமான விதையுறையை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ஓரிரவு நீரில் ஊறவைத்து, நிலத்திலேயே ஊன்றுவது நல்லது.