எதற்கென்றே தெரியாத அந்தச் சுவிட்ச்

தம்பி, டொராண்டோவுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, வாடகை வீட்டு ஹாலில் கூரை விளக்கே இல்லை, மாலை ஐந்துக்குள் இருட்டிவிடுகிறது, கைப்பேசியிலிருந்தே இயக்கக்கூடிய ஸ்மார்ட் விளக்கு போட நினைக்கிறேன், எதில் தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். கடைக்குப் போவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ஹால் வாசலோரம் எதற்கென்றே தெரியாத ஒரு சுவிட்ச் இருக்கிறதா, பாருங்கள்.

2011-ல் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் நான் எடுத்த முதல் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது. இரண்டு வாரம் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, பழுது என்று புகார் கொடுத்தேன். 'சூப்பர்' என்று இங்கே அழைக்கப்படும் கட்டடப் பராமரிப்பாளர் வந்தார். என் மேசை விளக்கைப் பிடுங்கி, சோபாவுக்குப் பின்னால் இருந்த பிளக் பாயிண்டில் செருகினார். சுவிட்சை மேலே தள்ளினார், எரிந்தது. (ஆமாம், இங்கே மேலே தள்ளினால்தான் எரியும். நம் ஊருக்கு நேர் எதிர்.) வட அமெரிக்காவில் பல வீடுகளில் ஹாலுக்குக் கூரை விளக்கு வைப்பதில்லை. சுவரில் இருக்கும் இரட்டை பிளக் பாயிண்டில் ஒரு பாதியை அந்தச் சுவிட்சோடு இணைத்துவிடுவார்கள். ஆள் உயர விளக்கு ஒன்றை வாங்கி அதில் செருகிக்கொள்வது நம் பொறுப்பு.

உங்கள் கேள்விக்கு இதுதான் அடிப்படை. ஸ்மார்ட் பல்புக்கு எந்நேரமும் மின்சாரம் போய்க்கொண்டிருக்க வேண்டும். அணைந்திருக்கும்போதும் அது கட்டளைக்குக் காத்திருக்கும். அதற்குச் செலவாகும் மின்சாரம் மிகக் கொஞ்சம். சுவர் சுவிட்சை அணைத்துவிட்டால் கைப்பேசியில் எவ்வளவு தட்டினாலும் எரியாது. நாமோ, அறையை விட்டு வரும்போது விளக்கை அணைக்காவிட்டால் திட்டு வாங்கி வளர்ந்தவர்கள். அம்மா இங்கே ஆறு மாதம் இருந்தபோது, நான் வேலைக்குக் கிளம்பியதும் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துவிட்டுத்தான் டிவி முன்னால் உட்காருவார். மாலையில் தானாக எரிய வேண்டிய விளக்கு எரியாது. "இதற்கு எங்கள் முப்பது ரூபாய் பல்பே தேவலை" என்பார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது.

ஆகவே விளக்கைச் சுவிட்சோடு இணையாத மறு பாதியில் செருகுங்கள். பல்புக்குக் கம்பியில்லாமல் கட்டளை அனுப்பும், பேட்டரியில் ஓடும் சிறிய பொத்தான் ஒன்றை வாசலோரம் ஒட்டிவிடுங்கள். வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் செயலி எல்லாம் எதற்கு? கைக்கு எட்டும் இடத்தில் அழுத்த ஒன்று இருந்தால் போதும்.

ஊரிலிருந்து பல்பு கொண்டுவரச் சொல்லாதீர்கள். அங்கே 230 வோல்ட், பெரும்பாலும் இரு பக்கமும் சிறு முனை வைத்து மாட்டும் பி22 வகை. இங்கே 120 வோல்ட், திருகி மாட்டும் இ26 வகை. இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதென்று எதையாவது வாங்கவும் வேண்டாம். கனடாவுக்கான பாதுகாப்புச் சோதனையைக் காட்டும் சிஎஸ்ஏ அல்லது சி-யுஎல் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 800 லூமென் என்றால் பழைய 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சம். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள்: 2700 மஞ்சள், 6500 டியூப் லைட் வெள்ளை. நம் கண்ணுக்கு இங்குள்ள மஞ்சள் வெளிச்சம் முதலில் எண்ணெய் விளக்கு மாதிரிதான் தெரியும். அதனால் மஞ்சளிலிருந்து வெள்ளை வரை மாற்றக்கூடியதை வாங்குங்கள். பல வண்ணப் பல்புக்கு நான் கொடுத்த காசு வீண். முதல் வாரம் விளையாடினோம், பிறகு தீபாவளிக்கு மட்டும். பெட்டியில் 'மேட்டர்' முத்திரை இருந்தால் நல்லது. 2022-ல் வந்த பொதுத் தரம் அது. பின்னால் வேறு நிறுவனத்தின் பல்பு வாங்கினாலும் ஒரே செயலியில் சேர்க்கலாம்.

வைஃபைக்கு 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று அலைவரிசைகள் உண்டு; வைஃபை பல்பு பெரும்பாலும் 2.4-ல் மட்டுமே இணையும். கைப்பேசி 5-ல் இருந்ததால் முதல் நாள் ஒரு மாலை முழுக்க வீணாயிற்று. நாலைந்து பல்பு வரை வைஃபை போதும். அதற்கு மேல் போனால் ஜிக்பீ என்ற வேறு கம்பியில்லா முறையில் இயங்கும் பல்புகளும் அவற்றுக்கான மையக் கருவியும் வாங்குவது நிம்மதி.

எரியும் நேரத்தைக் கடிகாரப்படி வைக்காமல் சூரிய அஸ்தமனப்படி வையுங்கள். இங்கே டிசம்பரில் நாலே முக்காலுக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஜூனில் ஒன்பது மணி ஆகும். நடுவில் நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை வேறு ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் வீடு இருட்டாகக் கிடக்கக் கூடாது என்பார்களே, அந்தக் கவலையைச் செயலி பார்த்துக்கொள்ளும். பனியில் நனைந்த சப்பாத்தோடு கதவைத் திறக்கும்போது ஹால் வெளிச்சமாக இருப்பது, முதல் குளிர்காலத்தில் சின்ன விஷயமில்லை.

இன்னொன்று: மின்சாரம் போய் வந்தால் பல்பு என்ன செய்ய வேண்டும் என்று அமைப்புகளில் ஓர் இடம் இருக்கும். நான் அதைப் பார்க்காமல் விட்டேன். ஒரு பனிப்புயல் இரவில், அதிகாலை மூன்று மணிக்கு மின்சாரம் திரும்பியதும் படுக்கையறை விளக்கு முழு வெள்ளையில் எரிய, குழந்தை விடியும்வரை தூங்கவில்லை. 'முந்தைய நிலை' என்று மாற்றிவையுங்கள்.

சமையலறை, குளியலறைச் சுவிட்சுகளை இப்போதைக்கு ஸ்மார்ட் சுவிட்சுகளாக மாற்றப் பார்க்காதீர்கள். பெரும்பாலான ஸ்மார்ட் சுவிட்சுகளுக்கு, மின்சாரம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பி வேண்டும். பழைய கட்டடங்களின் சுவிட்ச் பெட்டிகளில் பல நேரம் அது இருக்காது. போதாததற்கு வீட்டுக்காரரின் அனுமதியும் வேண்டும். வெளிச்சத்தைக் குறைக்கும் டிம்மர் சுவிட்ச் உள்ள இடத்திலும் ஸ்மார்ட் பல்பு மாட்ட வேண்டாம், சிமிட்டும்.

ஒரு விளக்கு, ஒரு பல்பு, ஒரு பொத்தான். இவ்வளவு போதும் இந்தக் குளிர்காலத்துக்கு. சனிக்கிழமை ஒரு மேசை விளக்கை எடுத்துக்கொண்டு ஹாலில் உள்ள பிளக் பாயிண்ட் ஒவ்வொன்றிலும் செருகிப் பாருங்கள். அந்தச் சுவிட்ச் எதை அணைக்கிறது என்று தெரிந்ததும் எழுதுங்கள். எந்தப் பல்பு வாங்குவது என்று அப்புறம் பேசலாம்.