கேட்டுப் பெற வேண்டிய உரிமை

கேள்வி: எனக்குப் பார்வைக் குறைபாடு உண்டு. பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தால் படிப்பேன். ஆனால், சிறிது நேரத்திலேயே கண்கள் களைத்துவிடும். பள்ளியில் ஆசிரியர்களே தேவையறிந்து உதவினார்கள். இப்போது பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. யாரிடம், எப்போது, என்ன கேட்பது? சலுகை தேடுகிறேன் என்று நினைப்பார்களோ எனத் தயக்கமாகவும் இருக்கிறது.

பதில்: உங்கள் தயக்கத்திலிருந்தே தொடங்குகிறேன், அன்புச் சகோதரி. பாடத்தையோ தேர்வையோ எளிதாக்கித் தரும்படி நீங்கள் கேட்கப்போவதில்லை. கேள்வித்தாளும் மதிப்பீடும் மற்றவர்களுக்கு உள்ளவையே. படிக்கும் வழியும் எழுதும் வழியும் மட்டுமே மாறுகின்றன. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்து 2006இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையின் 24ஆம் பிரிவு, உயர்கல்வியிலும் இத்தகைய நியாயமான வசதிகள் செய்து தரப்பட வேண்டும் என்கிறது. அவற்றை மறுப்பதும் பாகுபாடே என்று 2ஆம் பிரிவு வரையறுக்கிறது.

பள்ளியில் கிடைத்த உதவி பெரும்பாலும் தானாகத் தொடர்ந்து வராது. பல்கலைக்கழகத்தில் நீங்கள்தான் முதலில் கேட்க வேண்டும். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான சேவைப் பிரிவு இருந்தால் அங்கும், இல்லையெனில் மாணவர் நல அலுவலகத்திலும், சேர்க்கை உறுதியானவுடனேயே எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். வகுப்புகள் தொடங்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் பாடநூல்கள். ஒளிவருடியால் (ஸ்கேனர்) எடுத்த பக்கம் கணினிக்கு வெறும் படம்தான். படத்திலுள்ள எழுத்துகளை அடையாளம் காணும் எழுத்துணரி மென்பொருளால் அதை உரையாக மாற்றி, பிழைகளைத் திருத்திய பிறகே, திரையிலுள்ளதைக் குரலில் வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் அதைச் சரியாகப் படிக்கும். அட்டவணை, சூத்திரம், வரைபடம் போன்றவற்றை ஒருவர் உட்கார்ந்து விவரித்து எழுத வேண்டியும் வரலாம். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு நூல்கள் கிடைக்க வழிசெய்யும் 2013ஆம் ஆண்டின் மராகேஷ் பன்னாட்டு ஒப்பந்தத்தில் இணைந்த நாடுகளில், பதிப்புரிமையாளரின் அனுமதிக்குக் காத்திராமல் இத்தகைய படிகளை உருவாக்கச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால், அதற்கான உழைப்புக்குப் பல வாரங்கள் பிடிக்கலாம். ஆகவே, பாடநூல் பட்டியலை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.

பலர் சறுக்குவது மருத்துவச் சான்றிதழில்தான். நோயின் பெயரும் குறைபாட்டின் சதவீதமும் மட்டும் இருந்தால், உங்களுக்கு என்ன தேவை என்பது அதைப் படிக்கும் அலுவலருக்கு விளங்காது. எந்த அளவு எழுத்தைப் படிக்க முடிகிறது, எவ்வளவு நேரம் தொடர்ந்து படிக்க முடிகிறது, எத்தகைய வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்கிறது என்பவற்றையும் குறிப்பிடும்படி உங்கள் கண் மருத்துவரிடம் கேளுங்கள். கண் களைப்பு அதில் பதிவானால், தேர்வில் கூடுதல் நேரமும் இடையில் ஓய்வும் ஏன் தேவை என்பது தெளிவாகும். பெரிய எழுத்து வினாத்தாள், கணினியில் விடையெழுதுதல், விரிவுரையைப் பதிவு செய்தல் ஆகியவற்றையும் இதே விண்ணப்பத்தில் சேர்க்கலாம்.

உங்கள் மருத்துவ விவரங்களை ஒவ்வொரு விரிவுரையாளரிடமும் சொல்லத் தேவையில்லை. எந்த வசதி ஒப்புக்கொள்ளப்பட்டது என்பதை அவர்கள் அறிந்தால் போதும். அதை எழுத்தில் தெரிவிக்கும்படி சேவைப் பிரிவைக் கேளுங்கள். தேர்வுக்கு முன்பு தேர்வு அலுவலகத்திலும் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள், ஏனெனில் ஒரு துறையில் ஒப்புக்கொண்டது மற்றொன்றுக்குப் போய்ச் சேராமல் நிற்பதுண்டு.

ஏதேனும் மறுக்கப்பட்டால், காரணத்தையும் மேல்முறையீட்டு வழியையும் எழுத்தில் தரும்படி கேளுங்கள். முதல் பருவத் தேர்வு முடிந்ததும், கிடைத்த நேரம் போதுமானதாக இருந்ததா என்று பார்த்து, தேவையானால் திருத்தம் கோரி மீண்டும் விண்ணப்பியுங்கள்.