ஐந்து நிமிடம் என்றால் ஐந்து நிமிடம்

வணக்கம். என் மகனுக்கு ஏழு வயது. எதற்கும் பொறுமை கிடையாது. கேட்டது உடனே வேண்டும், இல்லையென்றால் ஒரே கத்தல். குழந்தைகளுக்கான தியான வகுப்பில் சேர்த்தேன், மூச்சுப்பயிற்சிக்குச் செயலியும் போட்டுக் கொடுத்தேன். பலனில்லை. நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். இவனை நிதானமுள்ள பிள்ளையாக எப்படி வளர்ப்பது?

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில், பயப்பட ஒன்றுமில்லை. உணர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மூளையின் முன்பகுதி முழுமையாக முதிர இருபது வயதுக்கு மேல் ஆகிவிடும்.

குழந்தைகளின் பொறுமையைச் சோதிக்கும் ஆய்வு ஒன்று பிரபலமானது. ஒரு மிட்டாயை முன்னால் வைத்து, ‘இப்போதே தின்னாமல் காத்திருந்தால் இன்னொன்று’ என்பார்கள். 2013இல் வெளியான ஓர் ஆய்வில் செலஸ்ட் கிட் என்ற ஆய்வாளரின் குழுவினர் இதில் சின்ன மாற்றம் செய்தார்கள். மிட்டாய்க்கு முன்பே, ‘படம் வரைய நல்ல பொருட்கள் கொண்டு வருகிறேன்’ என்று குழந்தைகளிடம் சொன்னார்கள். பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டு வந்தார்கள். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து, ‘இல்லையாம்’ என்றார்கள். அப்புறம்தான் மிட்டாய். ஏமாந்த குழந்தைகள் சராசரியாக 3 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாறாதவர்கள் 12 நிமிடம். 28 பிள்ளைகளை மட்டும் வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான். ஆனாலும் எனக்கு அது உறைத்தது. பெரியவர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்ற மாட்டார்கள் என்று கண்டவனுக்குக் கையில் இருப்பதைத் தின்பதே புத்திசாலித்தனம்!

உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. பல வீடுகளில் பார்ப்பதைச் சொல்கிறேன். பிள்ளை வரைந்ததைக் காட்ட வருகிறது. ‘இருடா, அஞ்சே நிமிஷம்’ என்கிறோம், கண் போனிலேயே இருக்கிறது. அரை மணி போகிறது. மறுபடி வருகிறது, ‘அதான் சொன்னேன்ல’ என்கிறோம். மூன்றாம் முறை கத்துகிறது. உடனே போனைக் கீழே வைத்து எழுந்து வருகிறோம். கத்தினால்தான் வேலை நடக்கும் என்று நாமே பாடம் எடுத்துவிட்டோம், அதுவும் தினமும்.

அதனால் ‘அஞ்சு நிமிஷம்’ என்று வாய்க்கு வந்ததைச் சொல்லாதீர்கள். அரை மணி ஆகுமென்றால் அரை மணி என்றே சொல்லுங்கள். முகம் சுளிப்பான், சுளிக்கட்டும். நேரம் வந்ததும் அவன் கூப்பிடுவதற்கு முன் நீங்களே போய் நில்லுங்கள். முடியாததை முடியாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முடியாது என்றபின் கத்தலுக்கு மசிந்து கொடுக்காதீர்கள், இதுதான் கஷ்டம். வேலை முடிந்து களைத்து வரும் நேரத்தில் இன்னும் கஷ்டம். கணவரும் இதற்கு ஒத்துவர வேண்டும். ஒருவர் மறுத்ததை மற்றவர் கொடுத்தால் எல்லாம் வீண்.

தியான வகுப்பு அவனுக்குப் பிடித்திருந்தால் போகட்டும். பிடிக்கவில்லையென்றால் நிறுத்திவிட்டு அந்த நேரத்தில் விளையாட விடுங்கள்.