வாய் சொல்வது ஒன்று, தோள் சொல்வது ஒன்று: நாய் ஒபீடியன்ஸ் கேள்வி பதில்

ஒபீடியன்ஸ் போட்டியில், அதாவது நாய் கட்டளைக்கு எவ்வளவு துல்லியமாகக் கீழ்ப்படிகிறது என்று பார்க்கும் போட்டியில், புதிதாக இறங்குபவர்களிடமிருந்து வந்து சேர்ந்த கேள்விகள் இவை. பாதிப் பேர் ஒரே விஷயத்தைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள், அதனால் சில பதில்கள் நீளம், சில ரெண்டு வரி.

என் லாப்ரடாருக்கு மூன்று வயது. உட்கார், படு, இரு எல்லாம் வீட்டில் கேட்பான். போட்டிக்கு இது போதுமா? அங்கே என்னதான் செய்யச் சொல்வார்கள்?

ஆரம்பிக்கப் போதும், போட்டிக்குப் போதாது. வீட்டில் ‘உட்கார்’ என்றால் எங்கே எப்படி உட்கார்ந்தாலும் விட்டுவிடுவோம், ரிங்கில் (போட்டிக் களத்தில்) உங்கள் இடது காலை ஒட்டி, நேராக, சொன்ன மாத்திரத்தில் உட்கார வேண்டும். விதிகள் அமைப்புக்கு அமைப்பு மாறும். எஃப்.சி.ஐ. என்ற சர்வதேச நாய்க் கூட்டமைப்புக்கு ஒன்று, பிரிட்டனின் கென்னல் கிளப்புக்கு ஒன்று என்று தனித்தனி விதிப்புத்தகங்கள் உண்டு. உதாரணத்துக்கு அமெரிக்கன் கென்னல் கிளப்பின் நோவிஸ் (தொடக்கநிலை) பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 200 மதிப்பெண். தேர்ச்சிக்கு 170 வேண்டும், அது மட்டும் போதாது, ஒவ்வொரு பயிற்சியிலும் பாதிக்கு மேல் எடுத்திருக்க வேண்டும். லீஷோடு (பிடிகயிறு) ஹீல், அதாவது உங்கள் இடது பக்கம் ஒட்டியே நடப்பது, நின்றுகொண்டிருக்கும் இரண்டு பேரைச் சுற்றி எட்டு போட்டு நடப்பது, நடுவர் வந்து தொட்டுப் பார்க்கும்போது அசையாமல் நிற்பது, லீஷ் இல்லாமல் ஹீல், கூப்பிட்டால் வருவது (ரீகால்), இருக்கச் சொன்ன இடத்தில் இருப்பது. இப்படி மூன்று முறை தேறினால், அதுவும் குறைந்தது இரண்டு வேறு நடுவர்களிடம், ‘கம்பேனியன் டாக்’ பட்டம். அதற்கு மேல் ஓப்பன், யுடிலிட்டி என்று தடை தாண்டி டம்பெல் (நாய் கவ்வி வரும் கட்டை) எடுத்து வருவது, மோப்பம் பிடித்து உங்கள் வாசனை உள்ள பொருளை மட்டும் பொறுக்குவது என்று போகும். அதை இப்போது நினைக்க வேண்டாம்.

இதில் ஹீல் பயிற்சிகளுக்கு மட்டுமே 200-இல் 80. பழகும் நேரத்தையும் அதே கணக்கில் பிரியுங்கள்.

எங்கள் வீட்டில் இருப்பது பூடில். இதெல்லாம் ஜெர்மன் ஷெப்பர்ட், பார்டர் கோலிக்கு உள்ள விளையாட்டுதானே?

அமெரிக்காவில் இந்தப் போட்டியை ஆரம்பித்ததே பூடில் வளர்த்த ஒரு பெண்மணிதான். ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர் 1933-இல் முதல் போட்டியை நடத்தினார், அவருடைய பூடில்களை வெறும் அலங்கார நாய்கள் என்று பேசியவர்களுக்கு அது அவர் கொடுத்த பதில். 1936-இல் அமெரிக்கன் கென்னல் கிளப் அதை அதிகாரபூர்வமாக எடுத்துக்கொண்டது. கலப்பு இன நாய் வைத்திருப்பவர்களும் இதே கேள்வியைக் கேட்டிருந்தார்கள்: அங்கே 2010 முதல் அவற்றுக்கும் இடம் உண்டு. மற்ற அமைப்புகளில் பதிவு செய்யும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கையில் டிரீட் (தின்பண்டம்) இருந்தால் தங்கம், இல்லாவிட்டால் என்னைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ரிங்கில் டிரீட் கூடாது என்கிறார்களே!

கூடாதுதான். ஆனால் இது பேராசைக்கார நாய் இல்லை. டிரீட்டைக் காட்டிக் காட்டியே வேலை வாங்கியதால், அதன் கணக்கில் ‘உட்கார்’ என்ற கட்டளையே உங்கள் விரல் நடுவில் இருக்கும் அந்தத் துண்டுதான். துண்டு இல்லையென்றால் கட்டளையே வரவில்லை என்று அர்த்தம், அது ஏன் உட்கார வேண்டும்?

இடுப்பில் தொங்கும் பையைக் கழற்றுங்கள். டிரீட்டை ஒரு டப்பாவில் போட்டு அலமாரி மேல் வையுங்கள். வெறுங்கையோடு வந்து ஒரே ஒரு ‘உட்கார்’. உட்கார்ந்த கணத்தில் ‘யெஸ்’ (அல்லது கிளிக்கர் என்ற ‘டிக்’ சத்தம் போடும் சிறு கருவி, எதுவானாலும் தினமும் அதேதான்), அப்புறம் இரண்டு பேருமாக டப்பாவை நோக்கி ஓட்டம். அந்த ஓட்டமே பாதி பரிசு. நாலைந்து நாளில் டிரீட் உங்கள் உடம்பில் இல்லாவிட்டாலும் வந்து சேரும் என்று அதற்குப் புரியும். பிறகு ஒரு ‘யெஸ்’ஸுக்கு முன் இரண்டு வேலை, நாலு வேலை, மறுபடி ஒன்று என்று மாற்றி மாற்றிப் போங்கள். வரிசையாகக் கூட்டிக்கொண்டே போனால் சலித்துப்போய் விட்டுவிடும்.

உட்காரும்போதெல்லாம் பின்பகுதி வெளியே போய்க் கோணலாக உட்காருகிறது. திருத்திக்கொண்டே இருக்கிறேன், மாறவில்லை.

பார்க்காமலே சொல்கிறேன், டிரீட்டை வலது கையால் கொடுக்கிறீர்கள். நாய் இடது பக்கம், கை வலது பக்கத்திலிருந்து உங்கள் வயிற்றைத் தாண்டி வருகிறது. அதை வாங்கத் தலை உங்கள் முன்னால் வளைகிறது, தலை உள்ளே வந்தால் இடுப்பு வெளியேதான் போகும். இடது கையால், உங்கள் பேன்ட்டின் பக்கவாட்டுத் தையல் மேல் வைத்துக் கொடுங்கள். கொஞ்ச நாள் சுவரை ஒட்டி நடந்து பழகுங்கள், நாய் நடுவில். இன்னொன்று, நிறைய நாய்களுக்குத் தங்களுக்குப் பின்னங்கால் இருப்பதே நினைவில் இருக்காது. கவிழ்த்த பேசின் மேல் முன்னங்கால்களை வைக்கப் பழக்கி, பின்னங்கால்களால் அதைச் சுற்றி வரச் செய்தால், இடுப்பை நகர்த்த அதுவே கற்றுக்கொள்ளும். உட்கார்ந்த பிறகு கையால் தள்ளித் திருத்துவதில் பயனில்லை, ‘உட்கார், அப்புறம் தள்ளுவார்’ என்பதைத்தான் அது படிக்கும்.

வகுப்பில் அருமையாகச் செய்கிறாள். போட்டியில் தரையை முகர்ந்துகொண்டு என்னை மதிக்கவே இல்லை. அவமானமாகப் போய்விட்டது.

தரையை முகர்வது பெரும்பாலும் திமிர் இல்லை, பதற்றம். பதற்றம் யாருடையது என்பது தனிக் கேள்வி.

என் முதல் போட்டியைச் சொல்கிறேன். ரீகால். நாயை ஒரு முனையில் உட்கார வைத்துவிட்டு மறுமுனைக்குப் போய்த் திரும்பி நின்றேன், கைகளைத் தொங்கவிட்டு, விதிப்படி கம்பம் மாதிரி. நடுவர் சைகை காட்டினார். ‘வா’ என்றேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், காதைக்கூட அசைக்கவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன், வாலை ஆட்டிக்கொண்டு பாய்ந்து வந்தான். முதல் அழைப்புக்கு வராததால் பூஜ்யம். வீட்டில் பழகும்போது எடுத்த பழைய வீடியோவைப் போட்டுப் பார்த்தால், ஒவ்வொரு ‘வா’வுக்கும் முன்னால் என் தலை லேசாக முன்னே சாய்கிறது, இடது தோள் இறங்குகிறது. ஒரு வருஷமாக அவன் படித்தது அந்தத் தோளை. வார்த்தை அவனுக்குப் பின்னணி இரைச்சல்.

நீங்களும் சோதித்துப் பாருங்கள். நாய்க்கு முதுகைக் காட்டி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ‘உட்கார்’ என்று சொல்லுங்கள். யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். நாய் உட்காராமல் நிற்பதைப் பார்த்து முக்கால்வாசிப் பேருக்கு வயிற்றைக் கலக்கும். வகுப்பில் நீங்கள் இயல்பாக மூச்சு விடுவீர்கள், ரிங்கில் அடி குறுகும், தோள் இறுகும், குரல் மெலியும். நாய்க்கு நீங்கள் வேறு ஆள். ஆகவே முதலில் உங்கள் நடையைப் பழகுங்கள், நாய் இல்லாமலே, ஒரே வேகத்தில், வளைவுகளோடு. அடுத்து புது இடங்கள், ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிஷம் போதும். ஒரு நண்பரை நடுவர் மாதிரி அட்டையும் பேனாவுமாகப் பின்னாலேயே நடக்கவிடுங்கள், அந்த ஒன்றுக்கே மிரண்டுபோகும் நாய்கள் உண்டு. ஒரு பயிற்சி முடிந்து அடுத்தது தொடங்கும் வரை வாயாரப் பாராட்டத் தடை இல்லை, பலர் அதை மறந்து உம்மென்று நடக்கிறார்கள்.

அதுவும் முடியவில்லை என்றால் ராலி என்ற இன்னொரு வகைப் போட்டியிலிருந்து ஆரம்பியுங்கள். வழியில் பலகைகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் உள்ளதைச் செய்துகொண்டே போக வேண்டும், நாயோடு பேசிக்கொண்டே போகலாம். அமெரிக்க விதியில் 100-க்கு 70 எடுத்தால் தேர்ச்சி.

ரீகாலில் பெயரைச் சொல்லி, ‘வா’ என்று கையும் காட்டினேன். அதற்கா மதிப்பெண் குறைப்பார்கள்?

குறைப்பார்கள். பெயரும் ‘வா’வும் சேர்த்துச் சொல்லலாம், அல்லது கைச் சைகை மட்டும் காட்டலாம். இரண்டும் சேர்ந்தால் இரண்டு கட்டளை.

முள் காலர், ஷாக் காலர் போட்டால் சீக்கிரம் வருமாமே?

அமெரிக்கன் கென்னல் கிளப் போட்டி வளாகத்துக்குள் இரண்டுக்குமே அனுமதி இல்லை. அனுமதி இருந்திருந்தாலும் போடச் சொல்ல மாட்டேன். வலிக்குப் பயந்து ஹீலில் வரும் நாயின் வாலையும் காதையும் பார்த்தாலே தெரிந்துவிடும்.

குட்டிக்கு ஆறு மாதம். எப்போது சேர்க்கலாம்?

அமெரிக்கன் கென்னல் கிளப் விதிப்படி ஆறு மாதம் முடிந்தால் பதிவு செய்யலாம், ஆனால் வயது ஒரு கணக்கே இல்லை. எலும்பு வளர்ந்து முடியும் வரை தடை தாண்டுவது மட்டும் வேண்டாம், எப்போது என்று உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். மற்றபடி, மூன்று புது இடங்களில், உங்கள் மேல் ஒரு டிரீட்கூட இல்லாமல், முழு வரிசையையும் ஒரே மூச்சில் செய்தால் பணம் கட்டலாம். அதற்கு முன் கட்டினால் அது போட்டி இல்லை, விலை உயர்ந்த ஒத்திகை. நோவிஸில் ஒரு பயிற்சி உண்டு, நாயை உட்கார வைத்துவிட்டு, வாசல் பக்கம் போய் லீஷை எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டும். லீஷைக் கண்டாலே வாக்கிங் என்று துள்ளும் குட்டிக்கு அதுதான் இருப்பதிலேயே கஷ்டம். அதை இன்றைக்கே வீட்டு வாசலில் ஆரம்பித்துவிடுங்கள்.