பிறந்த குழந்தைக்கு லேசரில் வெட்டிய நினைவுப்பெட்டி: மரவேலை தெரியாதவர் செய்ய முடியுமா?

மரவேலை தெரியாது, லேசர் மெஷினும் கிடையாது, பிறந்திருக்கும் குழந்தையின் சின்னச் சின்னப் பொருட்களைப் பத்திரப்படுத்த ஒரு மரப்பெட்டி செய்துகொடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். நான் ஒன்று செய்தேன். உண்மையில் இரண்டு செய்தேன், முதலாவது இப்போது எங்கள் சமையலறையில் வெங்காயப் பெட்டியாக இருக்கிறது.

எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவில் இருக்கும் டர்பன் வந்து பதினாலு வருஷம், சாட்ஸ்வொர்த்தில் வீடு. 2023-ல் என் நாத்தனாருக்குப் பெண் குழந்தை பிறந்தது. தங்கத்துக்கும் பட்டுப் பாவாடைக்கும் ஆள் நிறைய இருந்ததால் நான் பெட்டி என்று சொல்லிவிட்டேன், சொன்ன பிறகுதான் எப்படிச் செய்வது என்று தேட ஆரம்பித்தேன்.

நான் செய்த முதல் தப்பு, பெட்டியை முதலில் வரைந்தது. இணையத்தில் அழகான ஒரு டிசைன், ஓரமெல்லாம் பூவேலை, அப்படியே எடுத்து வெட்டிவிட்டேன். உள்ளே வைக்க வேண்டியதைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தால் குழந்தையின் தடுப்பூசிப் புத்தகம் உள்ளே போகவில்லை. இந்த ஊரில் ஒவ்வொரு குழந்தைக்கும் 'ரோடு டு ஹெல்த்' என்று ஒரு புத்தகம் தருவார்கள், ஊசி, எடை, வளர்ச்சி எல்லாம் அதில்தான் பதிவாகும். ஐந்து வயசு வரைக்கும் அது கிளினிக்குக்கும் வீட்டுக்கும் அலையும், அப்புறம் பெட்டிக்குள்தானே வர வேண்டும்? அதனால் முதலில் எல்லாப் பொருளையும் மேசையில் பரப்பி, பெரியது எது, தடிமனானது எது என்று அளந்துகொள்ளுங்கள். எங்களிடம் இருந்தவை: ஆஸ்பத்திரியில் கையில் கட்டிய பெயர்ப்பட்டை, ஸ்கேன் படம், முதல் சட்டை, கருப்பு வளையல், வெள்ளி அரைஞாண், பெயரிடும் நாளுக்கு அடித்த அழைப்பிதழ், இந்தப் புத்தகம். இரண்டாவது பெட்டிக்கு உள்ளளவு 240 மில்லிமீட்டர் நீளம், 180 அகலம், 100 உயரம் என்று வந்தது. வளையலுக்கும் பட்டைக்கும் ஒரு சின்னத் தடுப்பு.

ஸ்கேன் படம் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், பெட்டிக்குச் சம்பந்தமில்லை என்றாலும். அது வெப்பத்தாள், கடை பில் மாதிரி. பெட்டிக்குள் இருட்டில் இருந்தாலும் சில வருஷத்தில் வெளுக்கும், லேமினேட் செய்தாலோ சூட்டில் கறுத்துப்போகும். இன்றைக்கே ஒரு நல்ல நகல் எடுத்து, நகலையும் சேர்த்து வையுங்கள்.

மரத்துக்கு வருவோம். இங்கே ஹார்டுவேர் கடையில் லேசர் என்று சொன்னதும் சூப்பாவுட் என்கிற எம்டிஎஃப்-ஐ, அதாவது மரநாரைப் பசை சேர்த்து அழுத்திய பலகையை, கையில் கொடுப்பார்கள். விலை குறைவு, சமமாக இருக்கும், நன்றாகவும் வெட்டும். ஆனால் அதன் பசையில் ஃபார்மால்டிஹைடு உண்டு, வெட்டிய ஓரத்தின் நெடியும் லேசில் போகாது, குழந்தையின் முதல் சட்டையை அதில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. நான் எடுத்தது 3 மில்லிமீட்டர் பர்ச் ப்ளைவுட். உள்வேலைக்கான ரகமா என்று கேட்டு வாங்குங்கள், வெளிவேலைக்கான ப்ளைவுட்டின் பசை லேசருக்கு வழிவிடாமல் கரிந்து நிற்கும். பெயர் எழுத்துகளுக்கு மட்டும் கியாட் மரம் வாங்கினேன். தென்னாப்பிரிக்காவில் மேசை நாற்காலிக்குப் பேர்போன மரம் அது. நம்ம ஊர் வேங்கைக்குப் பங்காளி, இரண்டுமே டெரோகார்பஸ் இனம், மரத்தைக் கீறினால் இரண்டிலும் சிவப்பாகப் பிசின் கசியும். இதைச் சொன்னதும் என் மாமனாருக்கு ஒரே சந்தோஷம், வருகிறவர்களிடமெல்லாம் 'எங்க ஊரு வேங்கை' என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார், அவர் தமிழ்நாட்டுக்குப் போனதே இல்லை.

3 மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கும் பலகை 3 மில்லிமீட்டர் இருக்காது. என்னுடையது 2.7. வெர்னியர் வைத்து நாலு இடத்தில் அளந்து, வந்த எண்ணைத்தான் கணினியில் போட வேண்டும். நான் அளக்காமல் 3 என்று போட்டதால் மூலைகளில் கோத்துக்கொள்ளும் பற்கள் எல்லாம் 0.3 மில்லிமீட்டர் வெளியே துருத்திக்கொண்டு நின்றன, தடுப்புப் பலகை அதன் பள்ளத்தில் லொடலொட என்று ஆடியது. துருத்தலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாம், ஆட்டத்துக்கு வழியில்லை.

இன்னொன்று, லேசர் போகும் கோட்டுக்கும் ஒரு அகலம் உண்டு, அவ்வளவு மரத்தை அது தின்றுவிடும். இதைத்தான் கெர்ஃப் என்கிறார்கள், நான் போன கடையின் மெஷினில் 0.2 மில்லிமீட்டர் வந்தது. கோட்டின் நடுவில் வெட்டு விழுவதால் ஒவ்வொரு பல்லும் 0.2 குறையும், அது போய் உட்காரும் பள்ளம் 0.2 கூடும், ஆகமொத்தம் 0.4 தளர்வு. பெட்டியைக் கையில் தூக்கினால் கழன்று வர அது போதும். வரைபடத்துக்கு நான் பயன்படுத்தியது பாக்ஸஸ்.பை என்ற இலவசத் தளம். நீளம், அகலம், உயரம், பலகைத் தடிமன் கொடுத்தால் பற்களோடு முழு வரைபடமும் வந்துவிடும். அதில் 'பர்ன்' என்று ஒரு கட்டம் இருக்கும், கெர்ஃபில் பாதியை அங்கே போட வேண்டும், முழுசை இல்லை. எனக்கு 0.1. அதே பலகையில் இரண்டு மூன்று பல் மட்டும் உள்ள ஒரு சின்னத் துண்டை முதலில் வெட்டிக் கோத்துப் பாருங்கள். கையால் அழுத்தினால் ஏறி, தானாகக் கழன்று வராமல் இருந்தால் சரி.

மெஷினை வாங்க வேண்டாம். போர்டு எழுதுகிற கடை, கோப்பை ஷீல்டு செய்கிற கடை, இவர்களிடம் கார்பன் டை ஆக்சைடு லேசர் இருக்கும், நிமிடக் கணக்கில் காசு. போகும்போது நீங்களே பலகையின் இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டு போங்கள், புகைக் கறை டேப்போடு உரிந்து வந்துவிடும். நான் போனபோது லோட் ஷெடிங், அதாவது முறைவைத்துக் கரண்டை நிறுத்தும் காலம். பாதி வெட்டும்போது கரண்ட் போனது, திரும்பி வந்து மெஷினை ஆரம்பித்தால் அரை மில்லிமீட்டர் தள்ளி வெட்டுகிறது, பலகை பாழ். இரண்டாவது தடவை அன்றைய நேர அட்டவணையைப் பார்த்துக்கொண்டு போனேன். உள்ளே இருக்கும் கோடுகளை முதலில் வெட்டிவிட்டு வெளிக்கோட்டைக் கடைசியில் வெட்டச் சொல்லுங்கள், வெளிக்கோடு முதலில் விழுந்தால் துண்டு அசைந்துவிடும்.

இப்போது தமிழ் எழுத்து. நீங்கள் தமிழ்நாட்டில் இருந்தால் இந்தப் பகுதி பாதிதான் உதவும், இருந்தாலும் படியுங்கள்.

குழந்தையின் பெயரை இங்கே போடவில்லை, அதில் ஒரு 'ழி' உண்டு என்பது மட்டும் தெரிந்தால் போதும். கடைக் கணினியில் பெயரை ஒட்டினேன். 'ழ' தனியாக நின்றது, பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம், அதன்மேல் கொக்கி. ஒற்றைக்கொம்பு வருகிற பெயராக இருந்தால் இன்னும் மோசம், கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும். மெஷின் ஓட்டிய ஜூலு பையனுக்கு அது தப்பென்று எப்படித் தெரியும்? 'அழகா இருக்கே' என்றான். வீட்டுக்கு வந்து இங்க்ஸ்கேப் என்ற வரைபட மென்பொருளில் எழுதினேன், அது தமிழைச் சரியாகக் கோக்கும். எழுதியதைக் கோட்டுருவாக, அதாவது எழுத்தாக இல்லாமல் வெறும் கோடுகளாக மாற்றி, ஒன்றன்மேல் ஒன்று ஏறும் கோடுகளை ஒன்றாக்கி, அப்புறம்தான் கடைக்குக் கொண்டுபோனேன். அப்படி மாற்றிவிட்டால் எந்தக் கணினியில் திறந்தாலும் எழுத்து உடையாது. ஒன்றாக்காமல் விட்டால் கொக்கியும் எழுத்தும் சேருமிடத்தில் லேசர் குறுக்கே ஒரு வெட்டுப் போட்டுவிடும்.

எழுத்தைத் துளையாக வெட்டுவதா, தனித்தனியாக வெட்டி ஒட்டுவதா, மேலே பொறிப்பதா என்பது அடுத்த கேள்வி. துளையாக வெட்டினால் சுழிக்குள் இருக்கும் துண்டு உதிரும், மூன்றுசுழி ண-வும் இரண்டுசுழி ன-வும் பெரிய பெரிய ஓட்டையாக நிற்கும். பொறிப்பது சுலபம், உங்களுக்கு அதைத்தான் சொல்வேன். நான் ஆசைப்பட்டுக் கியாட்டில் தனி எழுத்தாக வெட்டினேன். மெல்லிய எழுத்துரு எடுத்தால் காம்பு கரிந்து ஒடியும், தடித்த எழுத்துருதான் வேண்டும், நான் நோட்டோ சான்ஸ் தமிழில் தடித்த வகையை எடுத்தேன். புள்ளிகள் தனி வட்டத் துண்டுகள், மெஷினின் கண்ணறைத் தட்டு வழியாகக் கீழே விழுந்து காணாமல் போகும், டேப் ஒட்டியிருந்தால் தப்பிக்கும்.

எழுத்துகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு நான் குழம்பைப் பார்க்கப் போனேன். என் வீட்டுக்காரர் உதவி செய்கிறேன் என்று பசை போட்டு ஒட்டிவிட்டார், 'ழ' கண்ணாடியில் பார்க்கிற மாதிரி வலம் இடம் மாறி. அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் குடும்பத்தில் தமிழ் பேச்சில் ஆயா, தாத்தா, சாப்பாடு, கோவில் என்று துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது, தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாடுகிறவர்கள். தலைகீழாக ஒட்டியிருந்தாலும் அன்றைக்கு வந்த விருந்தாளிகளில் கண்டுபிடிக்கிறவர் நான் ஒருத்திதான். பசை காய்வதற்குள் பிடுங்கி ஒட்டினோம். நீங்கள் இப்படிச் செய்வதானால் ஒவ்வொரு எழுத்தும் உட்கார வேண்டிய இடத்தை மூடியில் லேசரால் மெல்லிய கோடாகப் போட்டுக்கொள்ளுங்கள், யார் ஒட்டினாலும் தப்பாது.

அடுத்து வீட்டுப்பெயர். பாஸ்போர்ட்டில் இருக்கும் ஆங்கிலப் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது? இங்கே கவுண்டர் கோவெண்டர் ஆகியிருக்கும், முதலியார் மூட்லி ஆகியிருக்கும். பழைய உருவில் எழுதினால் பாஸ்போர்ட்டோடு ஒட்டாது, பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதினால் என் கண்ணுக்கே உறுத்துகிறது. இரண்டு நாள் பேசிவிட்டு வீட்டுப்பெயரே வேண்டாம் என்று விட்டோம்.

அந்த இடத்தில்தான் மாமனார் ஒரு நம்பரைப் பற்றிப் பேச்செடுத்தார். 1860-ல் ட்ரூரோ கப்பலில் முதல் கூட்டம் டர்பனில் இறங்கியதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்தார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு எண். கப்பல் பட்டியலில் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, ஊர், உடம்பில் உள்ள அடையாளம் என்று வரிசையாக இருக்கும், டர்பன் ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம். குழந்தைக்கு எள்ளுத்தாத்தா முறையாகிறவர் வட ஆற்காடு ஜில்லா. அவருடைய அந்த நம்பரைப் பெட்டியில் போட வேண்டும் என்பது மாமனார் ஆசை.

அத்தைக்குப் பிடிக்கவில்லை. 'தோட்டத்துல கூப்பிட்ட நம்பர், அதைப் பச்சக் குழந்தை தலையில எழுதுவீங்களா?' என்று கேட்டார். 'அது இல்லைன்னா எந்த ஊருன்னே தெரிஞ்சிருக்காதே' என்றார் மாமனார். எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் பட்டது. கடைசியில் பெட்டிக்கு அடியில், வெளிப்பக்கம், 5 மில்லிமீட்டர் உயரத்தில் பொறித்தோம், கூடவே ஊர்ப் பெயரும். பெட்டியைக் கவிழ்த்துப் பார்க்கிறவர்களுக்கு மட்டும் தெரியும்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூடியைப் பிடிக்கக் குட்டிக் காந்தம் வைக்காதீர்கள், கழன்று விழுந்து குழந்தை இரண்டை விழுங்கினால் குடலில் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு பெரிய ஆபத்தாகும். கீல்கூட வேண்டாம், தூக்கி வைக்கிற மூடி போதும். வெட்டிய ஓரத்தின் கரியை உப்புத்தாளால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, ஒரு வாரமாவது திறந்து வையுங்கள், புகை வாடை போக வேண்டும். வெளிப்பக்கம் தேன்மெழுகு தேய்த்தேன், உள்ளே ஒன்றும் பூசாமல் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணி விரித்தேன். வெள்ளி அரைஞாணைத் தனியாகச் சின்ன ஜிப் பையில் போடுங்கள், கறுப்பது குறையும். பூச்சி வரும் என்று அந்துருண்டை போடுவோமே, அது வேண்டவே வேண்டாம். அதில் அநேகமாக இருப்பது நாப்தலின், ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த ஆவி பட்டாலே ரத்த அணுக்கள் சிதையலாம், குறைபாடு இருப்பது பிறந்த புதிதில் பெரும்பாலும் யாருக்கும் தெரிந்திருக்காது.

நேர்மையாகச் சொன்னால், டர்பன் மாதிரிக் கடற்கரை ஈரத்தில் மரப்பெட்டியைவிடத் தகரப்பெட்டிதான் காகிதத்தைக் காக்கும். அத்தையின் பிறப்புச் சான்றிதழ் ஒரு பழைய பிஸ்கட் டின்னில்தான் டர்பனில் இந்தியத் தொழிலாளர்கள் இருந்த பழைய குடியிருப்பான மேகஸின் பாரக்ஸிலிருந்து சாட்ஸ்வொர்த்துக்கு வந்தது, இன்றைக்கும் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. அதனால் சான்றிதழ்களை டின்னில் வைத்துவிட்டு மற்றதைப் பெட்டியில் வைத்தோம்.

செலவு, பாழான பலகையைச் சேர்க்காமல், எனக்கு 600 ராண்ட் பக்கம் ஆனது. என் வரைபடக் கோப்பு வேண்டுமென்றால் கீழே கேளுங்கள், அனுப்புகிறேன். ஆனால் உங்கள் பலகையின் தடிமனையும் உள்ளே போகப்போகும் பெரிய பொருளின் அளவையும் சேர்த்து எழுதுங்கள், அது இல்லாமல் அனுப்பினால் உங்கள் வீட்டிலும் ஒரு வெங்காயப் பெட்டி வந்துவிடும்.