மழையில்லாத நாளில் மாயாறு ஏறுவது ஏன்?

கேள்வி: கோபிசெட்டிபாளையத்தில் வசிக்கிறேன். மகளைத் தெங்குமரஹாடாவில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மார்ச் மாதம் போயிருந்தபோது காலையில் முழங்காலளவுத் தண்ணீரில் நடந்தே மாயாற்றைக் கடந்தோம். மாலையில் திரும்பும்போது இடுப்பளவு ஓடியது. ஒரு தூறல்கூட இல்லை. பவானிசாகரில் தண்ணீர் திறந்திருப்பார்கள் என்றார் உடன் வந்தவர். அது சரியா? எந்த மாதத்தில், எந்த நேரத்தில் போவது நல்லது?

பதில்: பவானிசாகரை இந்தக் கணக்கிலிருந்து முதலில் விலக்கிவிடுங்கள். அந்த அணை உங்கள் மகளின் ஊருக்குக் கீழே இருக்கிறது. அங்கே மதகைத் திறந்தால் நீர்த்தேக்கத்தின் மட்டம் இறங்குமே தவிர, மேலே ஓடும் ஆறு ஏறாது. உங்களை நனைத்த தண்ணீர் எதிர்த்திசையிலிருந்து, நீலகிரியின் மேற்கு உச்சியிலிருந்து வந்தது.

அங்கே 2,554 மீட்டர் உயரமுள்ள முக்கூர்த்திச் சிகரத்தின் பக்கத்தில் சோலைக்காடும் புல்வெளியுமான நிலத்தில் பிறக்கும்போது இதன் பெயர் பைக்காரா. வடக்கே ஓடி, அருவிகளாக விழுந்து, மலையை விட்டு இறங்கிக் கிழக்கே திரும்பிய பிறகே மாயாறு, மோயாறு என்ற பெயர்கள் வருகின்றன. தெப்பக்காடு வழியாக முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் நடுவே ஓடிவரும் ஆறு, நீலகிரியையும் மைசூர்ப் பீடபூமியையும் பிரிக்கும் சுமார் 20 கிலோமீட்டர் நீளமான ஆழ்ந்த பள்ளத்தாக்குக்குள் இறங்கி, அதைக் கடந்து நிலம் விரியும் இடத்தில்தான் தெங்குமரஹாடாவைத் தொடுகிறது. கோடநாடு காட்சிமுனையில் நின்று குனிந்து பார்ப்பவர்களுக்கு ஊரும் ஆறும் ஒருசேரத் தெரியும். கடைசியில் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் நிரம்பும் பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் பவானியோடு கலந்துவிடுகிறது. சிறிய ஆறுதான், ஆனால் இவ்வளவு குறுகிய ஓட்டத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் உயரம் இறங்குகிற ஆறு.

இந்த இறக்கத்தைத்தான் மின்சாரமாக மாற்றியிருக்கிறார்கள். முக்கூர்த்தி, பைக்காரா அணைகளில் தேங்கும் நீர் மலைமேலுள்ள கிளன்மார்கன் என்ற இடத்திலிருந்து குழாய்கள் வழியாகச் சிங்காராவிலுள்ள பைக்காரா மின் நிலையத்துக்கு விழுகிறது. 1932-இல் தொடங்கிய நிலையம் அது. 2005-இல் சேர்ந்த 150 மெகாவாட் நிலத்தடி மின் நிலையமும் இதே நீரைத்தான் பயன்படுத்துகிறது. இவற்றிலிருந்து வெளியேறும் நீர் மரவகண்டி அணைக்குப் போய், அங்கிருந்து 1952-இல் அமைந்த 36 மெகாவாட் மாயார் மின் நிலையத்தைச் சுழற்றிவிட்டு மறுபடியும் ஆற்றில் சேருகிறது. நீர்மின் நிலையங்கள் நாள் முழுவதும் ஒரே அளவில் ஓடுவதில்லை. மின்தேவை கூடும் வேளையில் ஓட்டி, குறையும் வேளையில் நிறுத்துவதற்குத்தான் அவை மிகவும் உதவுகின்றன. ஆகவே மார்ச் மாதத்து மாயாற்றில் நீங்கள் கண்டது பெரும்பாலும் அன்று காலையில் மேலே மின் நிலையச் சுழலிகளை ஓட்டிவிட்டு வந்த நீராகத்தான் இருக்கும். அது பள்ளத்தாக்கைக் கடந்து வரப் பல மணி நேரம் ஆகிறது. இந்த நேரமும் நிலையானதல்ல. ஆற்றில் முன்பே நீர் நிறைந்து ஓடினால் புதிய நீர் விரைவாகவும், வறண்டிருந்தால் மெதுவாகவும் வந்து சேரும். எனவே "காலையில் குறைவு, மாலையில் கூடுதல்" என்று விதி எழுதி வைத்துக்கொள்ள வேண்டாம்.

மாதத்தைப் பொறுத்தவரை, நடந்து கடக்க ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஏற்ற காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழை மலையின் மேற்கு உச்சியில் கொட்டும். நீங்கள் நிற்கும் சமவெளியோ மழைமறைவுப் பகுதி. முதுமலையின் மேற்கு ஓரத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,800 மில்லிமீட்டர் பெய்தால், கிழக்கு ஓரத்தில் 600 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் பெய்கிறது. ஆற்றை ஒட்டி மருத மரங்கள் ஓங்கி நிற்க, நூறடி தள்ளிப் போனால் முட்காடாகிவிடுவதைக் கவனித்திருப்பீர்கள். அந்த மருத மரங்கள் குடிப்பது அங்கே பெய்த மழையை அல்ல. ஆக, தலைக்கு மேல் வெயில் காய்ந்தாலும் கோவையில் இருப்பவரைக் கேட்காமல், கூடலூர், உதகை நிலவரத்தைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

எனக்கு அதிகம் அச்சம் தருவது அக்டோபர், நவம்பர் மாதங்கள்தான். வடகிழக்குப் பருவமழை கோத்தகிரிப் பக்கத்துச் சரிவுகளில் பெய்கிறது. அங்கிருந்து வடக்கே இறங்கும் ஓடைகளுக்கு நீளம் குறைவு, இறக்கம் அதிகம், இடையில் தடுத்து நிறுத்த அணை எதுவும் இல்லை. மேற்கிலிருந்து வரும் நீர் சொல்லிக்கொண்டு வரும் என்றால், இந்தக் காட்டாற்று வெள்ளம் சொல்லாமல் வரும். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, உதகைப் பகுதிகளில் பெருமழையும் நிலச்சரிவும் உயிர்களைப் பறித்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அத்தகைய நாளில் மறுகரையிலேயே தங்கிவிடுவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

கரைக்கு வந்ததும் உடனே இறங்காமல் பத்து நிமிடம் நில்லுங்கள். நீர்விளிம்பில் பாதி மூழ்கிய கல் ஒன்றைப் பாருங்கள்: நீர்மட்டத்துக்கு மேலே ஒரு விரற்கடை அகலத்துக்கு ஈரப்பட்டை தெரிந்தால் ஆறு வடிகிறது, கல் விளிம்புவரை காய்ந்திருந்து, நீர் அதைத் தொட்டுத் தொட்டு நனைத்தால் ஆறு ஏறுகிறது. சருகும் சுள்ளியும் நுரையோடு நடு ஓட்டத்தில் வரத் தொடங்கினாலும், தெளிந்திருந்த நீர் செம்மண் நிறம் கொண்டாலும் பொருள் அதுவே. ஏறும் ஆற்றில் முழங்கால் அளவுகூட நம்பத்தக்கதல்ல; வடியும் ஆற்றில் சற்றுக் காத்திருந்தால் போதும். தொடைக்கு மேல் ஓடினால் பரிசலில்தான் போக வேண்டும். இந்த ஆற்றில் முதலைகளும் உண்டு என்பதால், கலங்கிய மடுவின் ஓரமாகச் சுற்றிப் போவது குறுக்குவழி ஆகாது.

இருட்டிய பிறகு கடக்கும்படி பயணத்தை அமைக்காதீர்கள். அந்த வழி முழுவதும் யானை நடமாட்டமுள்ள புலிகள் காப்பகம், வனத்துறைச் சோதனைச் சாவடியிலும் நேரக் கட்டுப்பாடு உண்டு. கிளம்பும் முன் மகளை அழைத்தால் "தண்ணீர் எவ்வளவு?" என்று மட்டும் கேட்காதீர்கள். துறையருகே ஒரு கல்லை அடையாளம் வைத்துக்கொள்ளச் சொல்லி, நேற்று மாலை தெரிந்த அந்தக் கல் இன்று காலையில் தெரிகிறதா என்று கேளுங்கள்.