"ஐயா வரல்லையா?"

அன்புள்ள அக்கா,
பெண்கள் படும் பாட்டைப் பற்றி நீங்கள் எழுதுவதை என் கணவரும் வாசிக்கிறார். "மட்டக்களப்பில் குடி, அதாவது குலம், தாய்வழி. வீடு வளவு பெண்பிள்ளைக்கு. கல்யாணம் முடித்த ஆண்தான் பெண் வீட்டுக்கு வந்து இருக்கிறான். மறுகா என்ன குறை உங்களுக்கு?" என்று கேட்கிறார். அவர் சொல்வது பொய்யில்லை. ஆனாலும் மனம் ஒத்துக்கொள்ளவில்லை. என்ன பதில் சொல்ல?
ஒரு வாசகி, களுவாஞ்சிகுடி

அன்புள்ள தங்கச்சிக்கு,
அவர் சொன்ன மூன்றும் உண்மை. சரி, அங்கிருந்தே தொடங்குவோம்.

எங்கள் வளவு அம்மம்மா அம்மாவுக்குச் சீதனமாக எழுதிக்கொடுத்தது. 2004 டிசம்பர் 26 காலை கடல் வந்தபோது அத்திவாரம்தான் மிஞ்சியது. காணி உறுதிப் பத்திரமும் கடலோடு போயிற்று. அப்புறம் வீட்டுத்திட்டத்துக்குப் பதிய அம்மாவோடு நானும் போனேன். படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம். அம்மா தன் பெயரைச் சொன்னார். எழுதிக்கொண்டிருந்தவர் பேனையை நிறுத்தி, "ஐயா வரல்லையா?" என்று கேட்டார்.

"வளவு என்ட அம்மா எனக்குத் தந்தது தம்பி."

"அது சரிம்மா, தலைவர்ட பேரத்தான் போடணும்."

அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்பாவின் பெயரைச் சொன்னார். வீட்டுப் பத்திரம் அப்பா பெயரில் வந்தது. மூன்று தலைமுறையாகப் பெண்களின் கையில் இருந்த வீடு ஒரு கட்டத்தை நிரப்பியதில் கைமாறியது. அப்பா நல்லவர், அதனால் எங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. குடித்துவிட்டு வந்து "இது என்ட வீடு, வெளியே போ" என்பவனைக் கட்டியவர்களை நினைத்துப் பாருங்கள். இரண்டு பேர் பெயரிலும் எழுதுங்கள் என்று அப்போது பெண்கள் அமைப்புகள் எவ்வளவோ கேட்டன.

வாவிக்கு மேற்கே படுவான்கரையில், அரசு பெர்மிட்டில் கொடுத்த காணி வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள். அடுத்த உரிமைக்காரரை எழுதாமல் செத்துப்போனால் பிள்ளைகளில் மகன்மார் முன்னுக்கு, மகள்மார் பின்னுக்கு என்றுதான் இருந்தது. 1935 ஆம் ஆண்டுச் சட்டம் அது. திருத்தியது 2022 இல்தான்.

குடி தாய்வழி என்கிறாரே, கோயிலுக்குப் போனால் அதை நிர்வகிக்கிற வண்ணக்கர் யார்? பெரும்பாலும் மாமனிடமிருந்து மருமகனுக்குப் போகிற பதவி. தாயால் வருகிறது, தாய்க்கு வருவதில்லை.

பெண்ணுக்கு வீடு என்றால் அதைக் கட்டுவது யார் என்றும் கேளுங்கள். வீடு இல்லாத பெண்ணுக்கு எங்கள் ஊரில் மாப்பிள்ளை பேச வரமாட்டார்கள். போரில் புருஷனை இழந்த எத்தனை தாய்மார் மகளின் வீட்டுக்காகக் குவைத்திலும் சவூதியிலும் அடுப்படியில் நின்றார்கள்! வீட்டுப் பணிக்குப் போகிற பெண்ணிடம் 2013 முதல் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டார்கள். பிள்ளையை யார் பார்ப்பது என்று தகப்பனிடம் எந்த அலுவலகமும் கேட்டதில்லை. எனக்கு இதுதான் ஆறவே இல்லை.

ஒன்று உங்கள் பக்கம் இருக்கிறது. மனைவி தன் காணியை விற்கக் கணவரின் சம்மதம் கேட்கிற யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டம் மட்டக்களப்புத் தமிழருக்கு இல்லை. உங்கள் பெயரில் உள்ள வளவை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை. இதை அவருக்கும் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, வீட்டு உறுதி எந்த அலுமாரியில், யாருடைய சாவிக்குள் இருக்கிறது என்று கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா